மருந்தடிக்கும் முன் ரோஜா இலையைத் திருப்பிப் பாருங்கள்

மொட்டை மாடி ரோஜாவில் இலை வெளுத்தால், உரக்கடைக்குப் போய் "பூச்சி மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து அடித்துவிடுகிறோம். பத்து நாளில் செடி முன்னைவிட மோசமாகிறது. மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. இலையை வெளுக்க வைத்தது பெரும்பாலும் பூச்சியே அல்ல, செஞ்சிலந்திப்பேன். எட்டுக் கால் உள்ள, சிலந்திக்கு உறவான சிற்றுயிர் அது. சாதாரணப் பூச்சி மருந்து அதை ஒன்றும் செய்யாது, அதைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டையும், அதை வேட்டையாடும் வேறு வகைச் சிலந்திப்பேன்களையும்தான் கொல்லும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்து அடித்த செடியில் செஞ்சிலந்தி பெருகுவது நன்றாகத் தெரிந்த விஷயம்.

அதனால் முதல் வேலை, யார் என்று பார்ப்பது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் மெல்ல நகர்ந்து, விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கறை பட்டால் செஞ்சிலந்தி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சின்னக் கோடு போல, வெளிர்மஞ்சளாகவோ கறுப்பாகவோ விறுவிறுவென ஓடினால் இலைப்பேன். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

செஞ்சிலந்திக்கு வடசென்னை ரொம்பப் பிடித்த ஊர். வெயிலில் காயும் மாடி, காய்ந்த காற்று, தூசி மூன்றும் அதற்கு வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோர வீடுகளில் இலைமேல் படியும் புழுதியைச் சொல்லவே வேண்டாம். கோடையில் முட்டையிலிருந்து முட்டை போடும் பருவத்துக்கு வர அதற்கு ஒரு வாரம் போதும். அடி இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறும். ஊசி குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள் முதலில், நூலாம்படை கடைசியில். நூலாம்படை கட்டிய இலைகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மிச்சத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஏழு மணிக்குள், இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். பத்து நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டு நாள் செய்துவிட்டு விட்டால் முட்டைகள் பொரிந்து பழைய நிலைக்கே வரும்.

அடங்காவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம். ஆனால் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் இலை கருகும். நம் ஊரில் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அதைத் தொடவே வேண்டாம், டிசம்பர், ஜனவரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் கூடாது. கோடையில் கட்டுக்கு மீறினால் லேபிளில் சிலந்திப்பேனுக்கு என்று எழுதியிருக்கும் மருந்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் செஞ்சிலந்திக்கு அது பழகிவிடும்.

இனி வேப்பெண்ணெய் கலக்கும் தண்ணீர். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, எண்ணெய் கலக்காமல் மேலே மிதக்கும். ஸ்ப்ரேயரிலிருந்து முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் சுத்த எண்ணெய் வரும். அந்தக் கடைசி எண்ணெய் பட்ட இலைதான் பழுப்பாகிக் கொட்டுகிறது. மெட்ரோ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எடுங்கள். இரண்டு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர் ஒருமுறை நிரப்பினால் ஏழெட்டுத் தொட்டிக்குக் காணும்.

கலக்கும் முறை: 2 கிராம் காதி சோப்பைச் சீவி, கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கவும். அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை அடிக்கவும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு லிட்டராக்கவும். மேலே எண்ணெய்க் கண் தெரிந்தால் அடிக்காதீர்கள். துணி துவைக்கும் பவுடரும், பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டாம், தளிர் வெந்துவிடும். எண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்கட்டும். விளக்கேற்ற என்று விற்பது பெரும்பாலும் கலப்படம். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வீரியம் இருக்காது. வெயில் தாழ்ந்த பின், கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இலையின் அடியில் படும்படி அடிக்கவும். மழை மாதங்களில் மட்டும் காலையில் அடிப்பது நல்லது, இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

இலைப்பேன்தான் உண்மையில் பெரிய தலைவலி. மொட்டு விரியாமல் நுனி கருகி நிற்கும், விரிந்தாலும் இதழோரம் டீத்தூள் நிறத்தில் இருக்கும். வெள்ளை, மஞ்சள் ரகங்களில் அதிகம் தெரியும். மார்ச் முதல் ஜூன் வரை உச்சம். அது இதழ்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால், பாதி விரிந்த பூவின்மேல் எதை அடித்தாலும் உள்ளே போகாது. மொட்டு பட்டாணி அளவில் இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலை ஐந்து நாளுக்கு ஒருமுறை அடித்தால்தான் பலன். கருகிய மொட்டையும் வாடிய பூவையும் கிள்ளித் தொட்டியிலேயே போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இலைப்பேன் கூட்டுப்புழுவாவதே அந்த மண்ணிலும் சருகிலும்தான். பையில் கட்டி எறியுங்கள். மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறி, 12 அங்குலத் தொட்டிக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்து விடுங்கள். செடி உயரத்தில் ஒரு நீல ஒட்டும் அட்டை தொங்கட்டும். மஞ்சள் அட்டையை வெள்ளை ஈ, அசுவினிக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, மிளகாயைச் சுருட்டும் இலைப்பேனும் ரோஜாவைத் தாக்கும் இலைப்பேனும் பல சமயம் ஒன்றுதான். மிளகாய்த் தொட்டியை மாடியின் எதிர்மூலைக்குத் தள்ளுங்கள்.

மாவுப்பூச்சி வந்த செடியில் எறும்பு வரிசை இருக்கும். மாவுப்பூச்சி வெளிவிடும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை நிறுத்த முடியாது. தொட்டி ஸ்டாண்டின் கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் கால்களை வைத்தால் டெங்கு கொசு வளரும், மாநகராட்சிக்காரர்கள் வந்து கேட்பார்கள். கணுக்களில் ஒட்டிய மாவை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய், மூன்று வாரம். செம்பருத்தியைப் பக்கத்தில் வைத்தால் அங்கிருந்து திரும்பத் திரும்ப வரும்.

தண்டில் செதில் பூச்சி என்றால் பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். தளிரில் அசுவினி மார்கழி, தையில் வரும். கடலைப்புண்ணாக்குக் கரைசலை அள்ளி ஊற்றிய செடிக்குத்தான் முதலில் வரும், தண்ணீர் பீய்ச்சினாலே உதிரும். கோடை மழைக்குப் பின் ராத்திரியில் இலையைக் கடித்துத் துளைப்பது வண்டு. எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலையோரத்தில் காம்பஸ் வைத்து வெட்டியது போல வட்டத் துண்டு காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துப்போகிறது. அதை விட்டுவிடுங்கள்.

புதுச் செடி வாங்கினால் இரண்டு வாரம் தனியே வையுங்கள். குல்கந்துக்குப் பறிக்கும் பன்னீர் ரோஜாவுக்கு ரசாயன மருந்து எதுவும் வேண்டாம். அடித்து முடித்ததும் ஸ்ப்ரேயரை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, இரண்டு முறை வெறுமனே பம்ப் அடியுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் நாசிலில் எண்ணெய் கெட்டியாகி அடைத்திருக்கும்.