ஓடக் கூடாத நேரம்

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டிரம்முக்கு டைமர் போர்டு கேட்பவர்களும் சரி, ஆரணிப் பக்கம் கிணற்று மோட்டாரை போனிலிருந்தே போட வேண்டும் என்பவர்களும் சரி, எல்லோரும் சொல்வது "மோட்டார் ஓடணும்" என்பதைத்தான். ஓட வைப்பது ஒரு சாயங்கால வேலை. ஓடக் கூடாத நேரத்தில் அது ஓடாமல் இருக்கச் செய்வதற்குத்தான் மீதி நாளெல்லாம் போகிறது.

முதலில் கணக்கு. ஆர்டுவினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யும் போர்டில் இருக்கும் ஏடிமெகா 328 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் ஒரு பின்னுக்கு (சிக்னல் கால்) 40 மில்லி ஆம்பியர் உச்ச வரம்பு. நம்பி எடுக்கக்கூடியது 20. சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்தான் ரிலே; கடையில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் (கம்பிச் சுருள்) சுமார் 70 ஓம், அதாவது 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். பின்னில் நேராகக் கட்டினால் சில நாள் ஓடுவதுபோலத் தெரிந்து, பிறகு அந்தப் பின் செத்துப்போகும். அதே ரகத்தில் 12 வோல்ட் ரிலே எடுத்தால் காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர்தான். அதை இயக்க ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். பின்னிலிருந்து பேஸுக்கு 1 கிலோ ஓம், பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 கிலோ ஓம், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, அதன் வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். டயோடு திரும்பிவிட்டால் ரிலே இழுக்காது, டிரான்சிஸ்டர்தான் போகும்.

அந்த 10 கிலோ ஓமைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கரன்ட் வந்ததும் புரோகிராம் ஓடத் தொடங்கும் வரை பின் எந்தப் பக்கமும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டிரான்சிஸ்டரை அணைத்து வைத்திருப்பது அது ஒன்றுதான். ரெடிமேட் ரிலே மாட்யூல்களில் வேறு ஒரு சிக்கல். பெரும்பாலானவை பின் லோ (0 வோல்ட்) ஆனால் இழுப்பவை. பின்னை அவுட்புட் என்று அறிவித்த கணமே அது லோ ஆகி, அடுத்த வரி வரத் தாமதமானால் ரிலே ஒரு முறை 'டக்' என்று அடிக்கும். முதலில் ஹை எழுதிவிட்டு, அதற்கப்புறம் அவுட்புட் என்று அறிவிக்க வேண்டும். இந்த இரண்டு வரி இடம் மாறி, நடுவே தாமதமும் விழுந்தால், மோட்டாருக்கு மெயின் கரன்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரும் ஒரு முறை இழுத்துவிடும்.

சொட்டுநீர் சோலனாய்டு வால்வு போன்ற 12 வோல்ட் டிசி லோடுக்கு ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் வோல்ட் கொடுத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர்) நல்லது. ஆனால் ஐஆர்எஃப்540 கேட்டுக்கு 10 வோல்ட் எதிர்பார்ப்பது. 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும். ஐஆர்எல்இசட்44என் எடுங்கள். 3.3 வோல்ட் போர்டு என்றால் அதையும் நம்ப வேண்டாம், ஏஓ3400 போடுங்கள். இங்கேயும் காயிலுக்கு டயோடு உண்டு.

கிணற்று மோட்டாரின் கொட்டகை ஸ்டார்ட்டரில் கை வைப்பதற்கு முன் அதன் காயிலில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். பலவற்றில் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் இருக்கும். நீல ரிலேயின் மேல் எழுதியிருப்பது 250 வோல்ட் ஏசி. உள்ளே கான்டாக்ட் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 415 வோல்ட்டைப் பிரிக்கும்போது ஆர்க் இழுத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின் அணைந்திருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் இருக்கும் இடத்தில் 230 வோல்ட் காயில் கான்டாக்டருக்கு மாறுவதே சரி.

"அண்ணே, மோட்டார நிறுத்துனா போர்டே ரீசெட் ஆவுது" என்று போன் வந்தால் புரோகிராமைத் தேடிப் பயனில்லை. காயில் அணையும்போது எழும் உதைதான் காரணம். 230 வோல்ட் காயிலுக்கு நேர் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர், மெயின் கரன்ட்டுக்கென்றே செய்த 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டர் இரண்டையும் தொடராக வையுங்கள். அதை ரிலே கான்டாக்டுக்குக் குறுக்கே வைத்தால் அணைத்த பிறகும் 7 மில்லி ஆம்பியர் கசியும். சின்ன லோடு அதிலேயே முனகும், தொட்டால் அடிக்கும். ஆப்டோ (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் சிப்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், ரிலே சப்ளையையும் போர்டு சப்ளையையும் இணைக்கும் மாட்யூலின் ஜேடி-விசிசி ஜம்பரைப் பார்க்க வேண்டும். அதைக் கழற்றி, ரிலேக்குத் தனி சப்ளையும் தனி கிரவுண்டும் கொடுக்காதவரை அந்த ஆப்டோ இரண்டு பக்கத்தையும் உண்மையில் பிரிப்பதில்லை.

தோல் ஷெட்டில் காற்றும் ஒரு எதிரி. சோடியம் சல்ஃபைடு புழங்கும் இடத்தில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளிக் கான்டாக்டைக் கருப்பாக்கிவிடும். சீல் செய்த ரிலே, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, போர்டுக்கு வார்னிஷ் மூன்றும் வேண்டும். எஸ்எஸ்ஆர் (கான்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போட்டால் கான்டாக்ட் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் 10 ஆம்பியருக்கு ஏறக்குறைய 12 வாட் சூடு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. கெட்டுப்போனாலும் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும்.

டிரம் கதவருகே ஆள் நிற்பார். ஆகவே சிவப்பு நிறுத்தப் பட்டனின் ஒயர் கான்டாக்டர் காயில் லைனையே அறுக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் வழியாகப் போகவே கூடாது. கரன்ட் போய் வந்தால் டிரம் தானாகத் தொடங்கக் கூடாது. ஒருவர் வந்து மறுபடி ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும்.

போர்டைக் கொடுக்கும் முன் மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெயினைப் பத்து முறை போட்டு எடுங்கள். ரீசெட்டை விட்டுவிட்டு இன்னும் பத்து முறை. கான்டாக்டர் ஒரே ஒரு முறை இழுத்தாலும் போர்டு மேஜைக்குத் திரும்ப வேண்டும்.