எண்ணெயை அளந்து ஊற்றத் தொடங்கிய பிறகு

ஐந்து மாதங்களில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. "என்ன டயட்?" என்று கேட்கும் தோழிகளுக்காக எழுதுகிறேன்.

டயட் எதுவும் இல்லை. முதலில் மாறியது எண்ணெய்தான். வாணலியில் நேரே சாய்த்து ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தேக்கரண்டியால் அளக்கத் தொடங்கினேன். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். தோசைக்கல்லில் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே போதும், ஓரம் சிவந்து தோசை தானாக எழும்பி வருகிறது.

காபிக்குச் சர்க்கரையை ஒன்றரைக் கரண்டியிலிருந்து அரைக் கரண்டிக்கு இறக்க மூன்று வாரம் ஆனது. அதுதான் கஷ்டமாக இருந்தது. சோறு பாதி, கீரையோ அவரைக்காயோ பாதி. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள்.

காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். மழை நாளில் மொட்டைமாடி.

எடையை மட்டும் பார்க்காதீர்கள், தயவுசெய்து வயிற்றுச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரை நோய்க்கான அபாயம் கூடுகிறது. அப்பாவுக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது. எனக்கு இப்போது 43. டேப்பில் இன்னும் 4 செ.மீ. குறைய வேண்டியிருக்கிறது.