இரண்டு பேர், ஓர் அறை, முப்பது இலட்சம் ஆண்டுகள்

எட்டாம் பருவம்தான் ஆக மோசமானது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. ‘ரெட் டுவோர்ஃப்’ என்ற பிரித்தானிய விண்வெளி நகைச்சுவைத் தொடரைப் பற்றி ஞாயிறு மாலைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டு பல்கனியில் கூடிப் பேசும் மூன்று பேரும் அந்த ஒரு விடயத்தில் ஒரே கட்சி. சண்டையெல்லாம் ஆகச் சிறந்தது எது என்பதில்தான். வங்கியில் வேலை செய்யும் என் நண்பன் ஐந்தாம் பருவத்தை விட்டு இறங்க மாட்டான். என் அத்தானுக்கு ஆறாம் பருவம். எனக்கு இரண்டும் மூன்றும், அதிலும் குறிப்பாக இரண்டு.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்டர் ஒரு பெரிய சுரங்கக் கப்பலின் கடைநிலைத் தொழிலாளி. ஒரு பூனையைக் கப்பலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததற்காக, காலம் நின்றுபோகும் ஓர் அறையில் அவனை அடைக்கிறார்கள். கதிர்வீச்சுக் கசிந்து மற்ற எல்லோரும் இறந்துவிட, முப்பது இலட்சம் ஆண்டுகள் கழித்து அவன் விழிக்கிறான். துணைக்கு இருப்பவை அந்தப் பூனையின் வம்சத்தில் வந்த ஓர் அலங்காரப் பிரியன், புத்தி மங்கிய கணினி ஹோலி, செத்துப்போன அறைத்தோழன் ரிம்மரின் ஒளியுருவம். லிஸ்டரால் கொஞ்சமும் சகிக்க முடியாத மனிதன் அந்த ரிம்மர். ராப் கிராண்டும் டக் நெய்லரும் எழுதிய இந்தத் தொடரை 1988 பெப்ரவரியில் பிபிசி 2 ஒளிபரப்பத் தொடங்கியது. இரண்டாம் பருவமும் அதே ஆண்டிலேயே வந்துவிட்டது.

நண்பனின் வாதம் பலமானது. 1992இல் வந்த ஐந்தாம் பருவத்தின் கடைசி அங்கமான ‘பேக் டு ரியாலிட்டி’யில், நாம் இதுவரை கண்ட வாழ்க்கை முழுவதும் ஒரு விளையாட்டுத்தான் என்று லிஸ்டர், ரிம்மர், பூனை மனிதன், பின்னர் சேர்ந்த இயந்திரப் பணியாள் கிரைட்டன் ஆகிய நால்வரும் நம்பவைக்கப்படுகிறார்கள். அழகன் என்று தன்னையே மெச்சித் திரிந்த பூனை மனிதன், பல் துருத்திய டுவேன் டிப்லியாகக் கண்ணாடி முன் நிற்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. தனி அங்கமாக எடுத்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஐந்தாம் பருவத்தில் ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. எனக்கு வேண்டியது உள்ளேயிருந்து வரும் ஆபத்து.

இரண்டாம் பருவத்தின் மூன்றாம் அங்கம் ‘தேங்ஸ் ஃபோர் த மெமரி’. ரிம்மரின் இறந்தநாள் கொண்டாட்டம். நடுச்சாமத்தில் லிஸ்டர் மூன்று பொரித்த முட்டையும் மிளகாய் சோஸும் சட்னியும் வைத்து ஒரு சான்ட்விச் செய்கிறான். போதையிலிருக்கும் ரிம்மர், தன்னை யாருமே காதலித்ததில்லை என்று புலம்பித் தீர்க்கிறான். அவன் தூங்கிய பிறகு, லீஸ் யேட்ஸ் என்ற பெண்ணோடு தான் வாழ்ந்த எட்டு மாத நினைவுகளை எடுத்து ரிம்மரின் மூளைக்குள் பதித்துவிடுகிறான் லிஸ்டர். மறுநாள் ரிம்மர் ஆளே மாறி நிற்கிறான். தானும் ஒரு காலத்தில் காதலிக்கப்பட்டவன் என்ற நினைப்பே அந்த முகத்தை நிமிர்த்திவிடுகிறது. பிறகு அவளுடைய பழைய கடிதங்கள் கண்ணில் பட, உண்மை உடைகிறது. எல்லோருடைய நினைவிலிருந்தும் அதை அழிக்கும்படி ரிம்மர் கேட்கிறான். அழிக்கிறார்கள். அந்த நினைவின் நினைவுக்கு ஒரு கல்லறைக் கல்லும் நடுகிறார்கள். இதில் துரத்தலும் இல்லை, துப்பாக்கிச் சண்டையும் இல்லை. தனக்குப் பிடிக்காத ஒருவனுக்குத் தன்னிடமிருந்த ஆகப் பெறுமதியானதைக் கொடுத்து, அதனாலேயே அவனை நொறுக்கிவிடும் ஒருவனின் கதை இது.

இது ஏன் என்னை இவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்தத் தொடரை நான் முதலில் பார்த்தது லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பிய வீடியோ கசெட்டுகளில். அப்போது காலி வீதிக்குக் கீழே, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், போர்டிங் அறையில் இருந்தேன். நான் யாழ்ப்பாணம், அறைத்தோழர் மட்டக்களப்பு. போர்க்காலம். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து இருட்டினால் வெளியே போவதில்லை. ஆறு மணிக்குப் பிறகு உலகம் என்றால் அந்த இரண்டு கட்டில்கள்தான். தன்னுடைய பால்மாப் பெட்டியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒவ்வோர் இரவும் பேனாவால் கோடு போட்டு வைப்பார் அவர். அந்த நீலக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால், எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் கோட்டைக் கவனிக்காமல் அந்தப் பாலைக் கரைத்துத் தந்தவரும் அவர்தான். லிஸ்டரும் ரிம்மரும் மேல் படுக்கையும் கீழ்ப் படுக்கையுமாகக் கிடந்து வாய்ச்சண்டை பிடிக்கும் காட்சிகளை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தோம்.

மூன்றாம் பருவத்தின் ‘மரூன்ட்’ அங்கத்திலும் இதே இருவர், பனிக் கோள் ஒன்றில் சிறு கலத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். குளிருக்கு எரிக்க ஏதாவது வேண்டும். லிஸ்டர் தன் கிட்டாரை எரித்துவிட்டதாக நம்பி நெகிழ்ந்துபோன ரிம்மர், உயிராகப் போற்றிய பொம்மைப் படைவீரர்களை நெருப்புக்குக் கொடுக்கிறான். எரிந்ததோ, ரிம்மருக்கு அப்பா கொடுத்த கர்ப்பூரமரப் பெட்டியிலிருந்து கிட்டார் வடிவத்தில் வெட்டிய பலகை. ஏறக்குறைய அரை மணி நேரத்தை இரண்டு நடிகர்களும் ஒரு சிறிய அரங்குமே தாங்கி நிற்கின்றன.

“சரி, ஆனால் சர்வதேச எமி விருது எந்தப் பருவத்துக்குக் கிடைத்தது?” என்று அத்தான் கேட்பார். ஆறாம் பருவத்துக்குத்தான், ‘கன்மென் ஒஃப் த அபோகலிப்ஸ்’ அங்கத்துக்காக, 1994இல். அது தகுதியான விருது. ஆனாலும், ரிம்மர் விண்வெளிப் படை விதியின் இலக்கத்தைப் பிழையாகச் சொல்வதும் கிரைட்டன் அதைத் திருத்துவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, ‘லீஜன்’ அங்கத்தில் ரிம்மருக்குத் திட உடல் கிடைப்பது. எதையும் தொட முடியாமை அவனுடைய வன்மத்துக்கு வேராக இருந்தது. அந்த வேரை அங்கே அறுத்துவிட்டார்கள். இதைச் சொன்னால் அத்தான் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஆறாம் பருவத்துக்குப் பிறகு ராப் கிராண்ட் விலகினார். 1997இல் வந்த ஏழாம் பருவத்தைப் பார்வையாளர் முன் படமாக்கவில்லை. ரிம்மரும் இரண்டாம் அங்கத்திலேயே கப்பலை விட்டுப் போய்விடுகிறான். பலரும் அதைத் திட்டுகிறார்கள், நான் திட்ட மாட்டேன். ‘ப்ளூ’ அங்கத்தில், தொல்லை விட்டது என்று இருக்க வேண்டிய லிஸ்டர் அந்தத் தொல்லைக்காகவே ஏங்குகிறான். ஆள் இல்லாத இடத்திலும் அந்த அறையின் கதை தொடர்கிறது.

1999இல் வந்த எட்டாம் பருவமோ செத்த கப்பற்பணியாளர் அனைவரையும் உயிர்ப்பித்துவிட்டது. முதல் அங்கத்தைப் பிரித்தானியாவில் எண்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். இருந்தும் என்ன? நடைபாதை எங்கும் ஆட்கள், சிறைக்கூடம், ‘பீட்’ என்ற இரண்டு அங்கங்களில் ஒரு டைனோசர். பிரபஞ்சத்தில் எஞ்சியிருக்கும் கடைசி மனிதன் என்ற அந்த ஒற்றை வரி கைவிடப்பட்டது. அது போன பிறகு லிஸ்டர் வெறும் குறும்புக்காரன், ரிம்மர் வெறும் கோழை.

2012இல் வந்த பத்தாம் பருவம் ஓரளவு மீட்டுத் தந்தது. என் மருமகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, இன்னும் பழையவற்றைப் பார்க்கவில்லை. நண்பன் அவளுக்கு ‘பேக் டு ரியாலிட்டி’யைக் காட்டச் சொல்கிறான். அந்த நான்கு பேரோடும் பழகியிராதவளுக்கு அவர்கள் தங்களை இழப்பது எப்படி வலிக்கும்? வருகிற ஞாயிறு அவளுக்கு நான் போடப்போவது லீஸ் யேட்ஸின் கதையைத்தான். அத்தானின் விருது பெற்ற துப்பாக்கிக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.