கூடுதல் ஒரு மணி நேரம்

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதுதான், ஆசிரியர்கள் சோம்பல் என்று சொல்லிவந்தது, வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு என எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரை நானும் அவனைக் கடிந்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இதுவும் அடங்கும். உரிய மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால், அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கிடைக்கின்றன. சென்னையில் 1991 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகளைப் பெற்றோர் தயங்காமல் அணுகலாம்.

ஆனால், விடையைப் பிறருக்குச் சொல்லி எழுதவைப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் எங்களிடம் சொல்லவில்லை. மயிலாப்பூர் வீட்டில் தினமும் மாலையில் அவன் சித்தி எழுதுவாள். அவன் கண்களை மூடிக்கொண்டு, ஒளிச்சேர்க்கையைப் பற்றி நிறுத்தி நிறுத்திச் சொல்வான். தொடக்கத்தில் பாதி வாக்கியத்திலேயே தடுமாறி மௌனமானவன், மூன்று மாதங்களுக்குப் பிறகு, “சித்தி, இங்கே முற்றுப்புள்ளி வையுங்கள், அடுத்தது புதுப் பத்தி” என்றான்.