கேலப் லவ்வின் ஷாட்டும் பேகாட்டின் 21 ரீபவுண்டும்

2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், நார்த் கரோலினா 81, டியூக் 77. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் நான் பார்த்ததிலேயே பெரிய வெற்றி இதுதான், யார் என்ன சொன்னாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: இரண்டு பல்கலைக்கழகமும் ஒரே மாநிலம், ஒரே கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு), நார்த் கரோலினா சேப்பல் ஹில்லில், டியூக் டர்ஹமில், நடுவே சுமார் 15 கிலோமீட்டர்தான். வருஷா வருஷம் குறைந்தது இரண்டு முறை மோதுவார்கள், ஆனால் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் என்சிஏஏ தொடரில் அதுவரை ஒருமுறைகூட எதிரெதிரே வந்ததில்லை. முதல் முறை வந்ததே செமி ஃபைனலில், அதுவும் 42 சீசன் டியூக் கோச்சாக இருந்து ஐந்து கோப்பை வாங்கிய கோச் கே, அதாவது மைக் ஷஷெவ்ஸ்கி, ஓய்வு பெறப்போகும் வருஷத்தில்.

அந்த சீசனில் நார்த் கரோலினாவை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஹியூபர்ட் டேவிஸ் தலைமை கோச் ஆன முதல் வருஷம், பிப்ரவரியில் சொந்த ஊரிலேயே டியூக்கிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள், அப்புறம் பிட்ஸ்பர்க்கிடமும் சொந்த அரங்கில் தோற்றார்கள். என்சிஏஏ தொடருக்குள் வந்தது எட்டாவது சீடாக, அதாவது தங்கள் பிரிவில் எட்டாவது தரவரிசையில். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 5 அன்று, கோச் கே சொந்த அரங்கில் ஆடும் கடைசி மேட்ச், பழைய வீரர்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே போய் 94-81 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். நார்த் கரோலினாவின் பேகாட், லவ், ஆர்.ஜே. டேவிஸ், மேனெக், நான்கு பேரும் ஆளுக்கு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள். மேட்ச் முடிந்து கோச் கே மைக்கைப் பிடித்து ரசிகர்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் வெற்றிக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பேன், டியூக்கைப் பார்த்து இந்தப் பையன்களுக்கு அதற்குப் பிறகு பயமே இல்லை.

சரி, செமி ஃபைனலுக்கு வருவோம். பாதி ஆட்டத்தில் டியூக் 37-34 என்று முன்னால். இரண்டாம் பாதி முழுக்க முன்னிலை கை மாறிக்கொண்டே இருந்தது, யாரும் தப்பித்து ஓட முடியவில்லை. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் வெண்டெல் மூர் ஒரு மூணு பாயிண்ட் போட்டு டியூக்கை 74-73 என்று முன்னால் கொண்டுபோனார், உடனே நார்த் கரோலினா ஒரு புள்ளி முன்னிலையைத் திரும்ப எடுத்தது. அப்புறம் சுமார் 25 செகண்ட் இருக்கும்போது லவ், தன்னைவிட எவ்வளவோ உயரமான டியூக்கின் மார்க் வில்லியம்ஸ் கை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் தலைக்கு மேல் மூணு பாயிண்ட் போட்டார். 78-74. அவருடைய 28 புள்ளிகளில் 22 இரண்டாம் பாதியில் வந்தவை. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்த ஷாட், இருக்க வேண்டியதுதான்.

ஆனால் எனக்கு அந்த மேட்ச் என்றால் அர்மாண்டோ பேகாட். 11 புள்ளி, 21 ரீபவுண்ட், அதாவது கூடைக்குள் போகாமல் திரும்பி வரும் பந்தை 21 முறை பிடித்தார். டியூக் பக்கம் பாங்கேரோவும் வில்லியம்ஸும் கூடைக்கு அடியில் நிற்கும்போது 21 பந்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடியே இடுப்பால் தள்ளி இடம் பிடித்தாக வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது கணுக்கால் பிசகி விழுந்தார், வெளியே போனார், கொஞ்ச நேரத்தில் நொண்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, லவ்வின் அந்த ஷாட்டுக்குச் சற்று முன், ஐந்தாவது ஃபவுல் ஆகி (ஐந்தானால் திரும்ப ஆட முடியாது) மறுபடி வெளியே. அந்த ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் வில்லியம்ஸ் தவறவிட்டார்! இரண்டும் விழுந்திருந்தால் டியூக் முன்னால், லவ்வின் ஷாட்டின் கதையே வேறாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஃபைனலில் கான்சஸிடம் 72-69 என்று தோற்றார்கள், பாதியில் 40-25 என்று முன்னால் இருந்தும். வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பேகாட் அதே காலோடு 15 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார், கடைசி நிமிடத்தில் மறுபடி கணுக்கால் மடங்கி வெளியே போனார். கோப்பை கான்சஸுக்குப் போனது நியாயம்தான். இருந்தாலும் சேப்பல் ஹில்காரர்களிடம் 2022 பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு முதலில் டியூக் மேட்சுக்குத்தான் போகும்.