தொட்டால் தெரியாத இடம்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

நாளைக் காலை 6 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பை தயார். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நான்கு, நீள வயர் உள்ள சார்ஜர், அம்மா மடித்துக் கொடுத்த விபூதிப் பொட்டலம்.

2023இல் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ, அது முடிந்து ரேடியேஷன். ரேடியேஷன் பட்ட தோல் இறுகி விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்தத் தோலுக்கு அடியில் சிலிக்கன் வைத்தால் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். அதனால் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, மார்பில் வைத்து, அங்கே இருக்கிற ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கப் போகிறார்கள். டீப் ஃபிளாப் என்று பெயர். வயிற்றுத் தசையை எடுப்பதில்லை. ரத்தம் உறையும் ஆபத்து கூடக் கூடாது என்று புற்றுநோய் திரும்பி வராமல் இருக்கச் சாப்பிடும் டாமொக்சிஃபென் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"உசுரு பொழச்சு வந்திட்ட, அது போதாதா? மறுபடியும் எதுக்குடி கத்தி?" என்று அம்மா ஒரு மாதமாகக் கேட்கிறார். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. போன தீபாவளிக்கு முன் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வெங்காயம் பொறுக்கக் குனிந்தேன். பிராவுக்குள் வைத்திருந்த சிலிக்கன் நழுவி மேலே ஏறிவிட்டது. அவ்வளவு கூட்டத்தில் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வெங்காயத்தைப் போட்டுவிட்டு, கழிப்பறையைத் தேடி ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை அம்மாவிடம் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

காப்புறுதி விஷயமாகப் பேசிய ஒருவர், "இது அழகுக்காகச் செய்றதா மேடம்?" என்று கேட்டார். புற்றுநோய்க்காக எடுத்த மார்பைத் திரும்பக் கட்டுவது அழகு சிகிச்சை இல்லை. டாக்டர் கடிதம் கொடுத்தார், சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மகளிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். நேற்று ஒன்பது மணி நேரம். நல்லபடியாக முடிந்தது.

அறை வெதுவெதுப்பாக இருக்கிறது, குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கிவிடுமாம். மணிக்கு ஒரு முறை தாதி வருகிறார். பேனா போன்ற ஒன்றைப் புது மார்பின் மேல் வைக்கிறார். ஷ்ஷ்… ஷ்ஷ்… என்று ரத்தம் ஓடும் சத்தம். பிறகு விரலால் அழுத்தி விட்டுப் பார்க்கிறார், புறங்கையால் சூடு பார்க்கிறார். கறுத்த தோலில் நிற மாற்றம் சட்டென்று தெரியாது, அதனால் சூட்டையும் சத்தத்தையும் நம்புகிறேன் என்றார். இரவெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே விழித்திருந்தேன். இவள் வயிற்றில் இருந்தபோதும் இதே மாதிரி ஒரு கருவியில்தான் இவளுடைய சத்தத்தைக் கேட்டேன்.

(இதை எழுதும்போது மகள் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் எழுது என்றேன்.)

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தேன். ஈசூனில் எங்கள் புளோக்கின் லிஃப்ட் வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை நாற்பது அடிகூட இருக்காது. கூன் விழுந்த கிழவி மாதிரி, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தையல், வயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்துக்கு நிமிரக் கூடாது. படுத்தாலும் தலைக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு. ஒருக்களிக்க முடியாது.

உடம்பிலிருந்து மூன்று குழாய்கள் தொங்குகின்றன, மார்பில் ஒன்று, வயிற்றில் இரண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் குமிழ். காற்றைப் பிதுக்கி மூடினால் அது உள்ளேயிருக்கும் நீரை உறிஞ்சும். காலையும் மாலையும் அளந்து ஊற்றி, எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் எடுப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவற்றைச் சட்டையில் ஊக்கால் குத்தி விட்டிருந்தார்கள். நடக்கும்போது இழுத்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துக் கையாலேயே மூன்று சுருக்குப்பை தைத்தார். கழுத்தில் மாட்ட நாடாவும் வைத்தார். பாட்டி வெற்றிலை வைத்திருந்த பை மாதிரியே, கொஞ்சம் பெரியது. கத்தி எதற்கு என்று கேட்ட அம்மாதான்.

இன்றைய கணக்கு: 45, 60, 55.

ஜனவரி 23, வியாழன்

30, 48, 40.

வீட்டில் பத்தியச் சாப்பாடு. அம்மா இதைப் பிரசவம் போலத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம். கத்திரிக்காய் கூடாது, இறால் கூடாது, புண் அரிக்கும் என்கிறார். டாக்டர் சொன்னதோ ஒன்றுதான்: காயம் ஆறப் புரதம் வேண்டும், நன்றாகச் சாப்பிடு.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஆருவான் மீன் சூப் கொண்டுவந்தார். நம் விரால்தான். இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் யார் வீட்டில் அறுவை சிகிச்சை நடந்தாலும் அடுப்பில் இந்த மீன் ஏறிவிடும். இஞ்சி நிறையப் போட்டிருந்தார். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "விராலா? கொடு, கொடு" என்று தானே கிண்ணத்தில் ஊற்றினார். அவருக்கு மலாய் அரைகுறை, மக்சிக்குக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இருவரும் வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

ஜனவரி 29, புதன், சீனப் புத்தாண்டு

திங்களன்று கடைசிக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். சுருக்குப்பைகளை அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

புளோக் அமைதியாக இருக்கிறது. எதிர் வீட்டு ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் ஹாலில் இருந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவைச் சாத்தி, கண்ணாடி முன் நின்றேன். முதல் முறை.

வட்டமாகத் தைத்த ஒரு துண்டு. சுற்றியுள்ள தோலைவிட ஒரு நிறம் வெளுப்பு, வெயில் படாத வயிற்றுத் தோல் அல்லவா. காம்பு இல்லை. அது சில மாதம் கழித்து, வேண்டுமென்றால், தனியாகச் செய்து பச்சை குத்துவார்கள். வீக்கம் இருக்கிறது. வலது மார்பை விடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. தொப்புளுக்கும் புதிதாக இடம் திறந்து தைத்திருக்கிறார்கள்.

அந்தத் துண்டின் கீழ்ப் பாதியில் வெள்ளி நிறத்தில் நாலைந்து கோடுகள். என்ன என்று முதலில் புரியவில்லை, தையல் தடம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. மகளைச் சுமந்தபோது அடிவயிற்றில் விழுந்த வரிகள். பதினான்கு வருடமாக இடுப்புத் துணிக்குள் கிடந்தவை இப்போது நெஞ்சில் குறுக்காக ஓடுகின்றன. விரலால் ஒவ்வொன்றாகத் தடவினேன். விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இதே சிகிச்சைக்குப் போகிற யாராவது படிப்பார்கள்.

மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். காலையில் தோள்பட்டை வலிக்கிறது, நெஞ்சு கல் மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கல் உப்பு வறுத்த வாசனை வந்ததும் விழித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சூடான உப்பு மூட்டையைச் சட்டைக்கு மேலேயே புது மார்பில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடு இல்லை, கனம் இல்லை, கை பட்டதுகூட இல்லை. வாசனை மட்டும்தான் வந்தது.

கத்திவிட்டேன். அம்மா மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். சட்டையைத் திறந்து பார்த்தால் உள்ளங்கை அளவு சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. மார்புப் பிரிவுத் தாதியைக் கூப்பிட்டேன். குளிர்ந்த நீரில் நனைத்த துணி வைக்கச் சொன்னார், ஐஸ் வைக்கவே கூடாது என்றார், படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சிவப்பு வடிந்துவிட்டது.

அந்தத் துண்டை வயிற்றிலிருந்து எடுக்கும்போது உணர்வு நரம்பு அறுபட்டுவிடுகிறது. ரத்தம் ஓடும், உயிரோடு இருக்கும், சுடுநீர் பட்டால் வெந்தும் போகும், ஆனால் அதற்குச் சுடாது. ஓரளவு உணர்வு ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். டாக்டர் இதைச் சொல்லத்தான் செய்தார். நான் கேட்டதெல்லாம் எப்படி இருக்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும், தழும்பு தெரியுமா என்பதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தொட்டால் எப்படி இருக்கும் என்பதையும் கேளுங்கள். வீட்டில் சமைக்கிறவருக்கும், ஒத்தடம் கொடுக்கிறவருக்கும் அந்தப் பதிலைச் சொல்லி வையுங்கள்.

அம்மா அடுப்படியில் போய் அழுதார். "என் கையாலேயே சுட்டுட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்து, அவர் ஆள்காட்டி விரலை எடுத்து என் காறை எலும்பில் வைத்தேன். இங்கே தெரியுதும்மா. இங்கேயும். இங்கே லேசா. இங்கே இல்ல. ஓரம் முழுக்கச் சுற்றி வந்தோம். மார்பை எடுத்த நாளிலிருந்து அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

"அப்ப வலிச்சாலும் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அதுவும் ஒரு வகைல நல்லதுதான்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அவரே தலையாட்டினார். "இல்ல. நல்லதில்ல."

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

வருடா வருடம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுப்பேன். இந்த வருடம் இல்லை. ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. அம்மாவும் கணவரும் போனார்கள். நான் ஒலி 96.8 வானொலி போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

மார்ச் 6, வியாழன்

நிமிர்ந்து நிற்கிறேன். இடது கை சுவரில் விரல் விரலாக ஏறி, போன வாரத்து பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. டாமொக்சிஃபென் மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுக்கு அந்த இது எப்படித் தெரிஞ்சது?" என்றாள். அவளுக்கு 44 வயது. அக்குளுக்கு அருகில் ஏதோ தட்டுப்படுகிறதாம், இரண்டு மாதமாக. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. கட்டி தட்டுப்பட்டால் வழக்கமான பரிசோதனை நாள் வரும் வரை காத்திருக்கக் கூடாது, நாளைக்கே பலதுறை மருந்தகத்துக்கு, அதான் பாலிகிளினிக்குக்குப் போ என்றேன். ஒன்றும் இல்லாதவர்களும் 40 முதல் 49 வரை டாக்டரிடம் பேசிவிட்டு வருடம் ஒரு முறை, 50க்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கலாம். சிங்கப்பூரில் 2002லிருந்து இதற்கென்றே தேசியத் திட்டம் இருக்கிறது. இங்கே பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான், ஆனாலும் நம் வீடுகளில் அது இன்னும் 'அந்த இது'தான்.

நாளைக் காலை அவளோடு நானும் போகிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி, பங்குனி உத்திரம்

அவளுக்கு வெறும் நீர்க்கட்டி. கடவுளே.

இன்று ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் அம்மா எனக்காகப் பால்குடம் எடுக்கிறார். கூட நடக்கிறேன். மூன்று மாதத்துக்குப் பிறகு சேலை. ரவிக்கை தைப்பவரிடம் புது அளவு கொடுத்திருந்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. பாவாடை நாடாதான் தொல்லை. முடிச்சு சரியாகத் தையலின் மேல் வருகிறது, அங்கேயும் மரத்துத்தான் கிடக்கிறது. எவ்வளவு இறுக்கினேன் என்பது எனக்கே தெரியாது.

மகளைக் கூப்பிட்டேன். முடிச்சை அவிழ்த்து இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டினாள். பிறகு நாடாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து, ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்காமா?"

"தெரியலடி. நீயே பாரு."

"ஓகே லா, சரியா இருக்கு" என்றாள். கீழே அம்மா கூப்பிடுகிறார்.