வெள்ளைக்கரை ஐவி: பதினான்கு மாதக் கணக்கு

போன வருடம் ஜூன் மாதம், பங்களாத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமா மூன்று முழக் கொடியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். சுவரில் ஏறியதை வெட்டி எறியச் சொன்னார்களாம். இலை உள்ளங்கையில் பாதி இருக்கும். நடுவில் சாம்பல் கலந்த பச்சை, ஓரம் முழுக்கப் பால் வெள்ளை. கொழும்பில் இருக்கும் தங்கச்சிக்குப் படம் அனுப்பினேன். "மணி பிளான்ட் தானேக்கா?" என்றாள். மணி பிளான்ட் சேம்புக் குடும்பம், வெக்கையில் வளர்வது. இது அசல் ஐவி, ஹெடெரா. குளிருக்குப் பிறந்த கொடி, மலைக் குளிர் உள்ள எங்கள் நானுஓயாவில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை என் இஷ்டத்துக்குச் செய்தேன். ஆறு துண்டு வெட்டி ஜேம் போத்தலில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். மூன்றே வாரத்தில் வெள்ளை வேர். தோட்டத்து மண்ணை யோகட் கப்பில் அமுக்கி நட்டு இஸ்தோப்புத் திண்ணை ஓரத்தில் அடுக்கினேன். தென்மேல் மழைச் சாரல் அடிக்கும் இடம் அது என்று யோசிக்கவில்லை. பத்து நாளில் ஆறும் அடித்தண்டு கறுத்துவிட்டது. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வேரின் தோல் மண்ணிலேயே கழன்றுகொள்ள, நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் கையோடு வந்தது.

அம்மா இருபத்திரண்டு வருடம் தவறணையில், அதாவது தோட்டத்து நாற்றுமேடையில், தேயிலைக் கன்று போட்டவர். அவருக்கு 2025 என்றால் வருடம் இல்லை, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பேர்போன தேயிலை ரகம். கப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு கண்ண அழிச்சிட்டு நிக்கிறியே புள்ள. தேயிலைக்கு இப்பிடியா செய்றோம்?" என்றார்.

மிச்சக் கொடியை அவரே வெட்டினார். நுனி இளசும் வேண்டாம், அடி முற்றலும் வேண்டாம். ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு கண், கீழே ஒரு அங்குலம் தண்டு, அவ்வளவுதான் ஒரு துண்டு. கண்ணுக்குச் சற்று மேலே, சரிவாக ஒரே வெட்டு. வெட்டியது வெட்டியபடி வாளித் தண்ணீருக்குள் போகும். மண், மணல், தும்புத்தூள் கலந்து கைப்பிடியில் இறுக்கி, விரலால் தட்டுவார். பொலபொலவென்று உதிர்ந்தால்தான் சம்மதம். அடி திறந்த பொலித்தீன் பைகளில் நிரப்பி, இலை மண்ணில் படாமல் பதினான்கு துண்டு நட்டோம். மேலே மூங்கில் வளைத்துப் பொலித்தீன் கூடாரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. ஐவிக்கு அவ்வளவு புளிப்பு பிடிக்காது. புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத்தூள் போடலாம் என்றேன். "தவறணை மண்ணுலயா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். கடைசியில் ஏழு பைக்குப் போட்டு, ஏழு பையை விட்டோம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டொலமைட் போட்டதில் ஆறு, போடாததில் ஐந்து பிடித்திருந்தன. ஒரு கன்று கூடியதற்காக ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் இரண்டு கன்றைக் காம்பராவுக்குள் கொண்டுபோனேன், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி. புது இலைகளில் வெள்ளை மங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கொடி வெளிச்சத்தைத் தேடித் தேடி ஓடியது. வெள்ளை ஓரத்தில் பச்சையம் கிடையாது. மிச்சப் பச்சைதான் முழு இலைக்கும் உழைக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை. உச்சி வெயில் நேரே பட்டாலோ வெள்ளைதான் முதலில் கருகும். ஜன்னல் விளிம்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஜனவரிக் குளிரில் ஓரங்கள் லேசாக ரோஸ் நிறம் காட்டின. புல்லில் பனி உறைந்த இரவுகளில் சாக்குப் போட்டு மூடினோம். பெப்ரவரி வறட்சியில் இலை மேற்புறம் ஊசி குத்தினாற்போல் புள்ளி. அம்மா இலையைத் திருப்பிப் பார்த்து, "செம்பேன்" என்றார். தேயிலையில் பார்த்துப் பழகிய கண். அடிப்பக்கத்தைப் பீலித் தண்ணீரில் மூன்று நாளுக்கு ஒருதரம் கழுவினோம், வேறு மருந்து எதுவும் அடிக்கவில்லை.

பெரிய தப்பு மார்ச்சில்தான். ஒரு சட்டியில் முழுப்பச்சையாக ஒரு கொழுந்து கிளம்பியது. மற்றக் கொடி விரல் நீளம் போவதற்குள் அது ஒரு முழம் போனது. நல்லா வருதே என்று நான் கம்பு நட்டுக் கட்டிவிட்டேன்! மே மாதம் பார்த்தால் சட்டியில் பாதி சாதாரணப் பச்சை ஐவி. நுனியில் இருக்கும் உயிரணு அடுக்குகளில் ஒன்றுக்குப் பச்சையம் இல்லாததால்தான் இந்த வெள்ளைக்கரையே வருகிறது. அந்த அடுக்கு விடுபட்ட கண்ணிலிருந்து பச்சை மட்டும் முளைக்கும், முளைத்தால் மற்றதை முந்திவிடும். அம்மா கவ்வாத்துக் கத்தியை எடுத்து, பச்சை தொடங்கிய இடத்துக்கும் கீழே, நல்ல வெள்ளைக்கரை இலை ஒன்று இருக்கும் கணு வரை இறக்கி வெட்டினார். என் முழக் கொடி போனது. வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு பட்டு எனக்கு மணிக்கட்டு இரண்டு நாள் அரித்தது. இலையும் காயும் வயிற்றுக்கு ஆகாது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உயரத்தில் தொங்கவிடுவது நல்லது.

நிலத்தில் நடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாட்டேன். எங்கள் லயத்துச் சுவரில் வெடிப்பு ஏற்கெனவே போதும். அதற்குள் இந்தக் கொடியின் வேரும் போக வேண்டுமா?

இப்போது ஒன்பது சட்டி. போன மாதம் ஒன்றில் முழு வெள்ளையாக ஒரு தளிர் வந்தது, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லாமல். தாய்க்கொடியில் இருக்கும்வரை அது பிழைக்கும், தனியாக வெட்டி நட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கண்ணை வெட்டிப் பையில் நட்டார். இன்றோடு பத்தொன்பது நாள். இலை இன்னும் வாடவில்லை. காலையில் கொழுந்துக்குப் போகுமுன் கூடாரத்தைத் தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.